நகர வாழ்வும் சமூகத் தொடர்பும்

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஆற்றுமுகத்தில் கடலைப் பார்த்து வாழும் நமக்கு நகர வாழ்வைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணலாம். இவ்விழாவுக்கென்றே தூத்துக்குடியிலிருந்தும் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்து இப்பந்தலில் அமர்ந்திருப்போரைப் பாருங்கள். நம் பிள்ளைகள் நகரத்தில் வாழ்கிறார்கள். நகரமோ கைபேசி வழியாக நம் வீட்டுக்குள் வந்து வாழ்கிறது. ஆகவே, செய்தித் தொடர்புச் சாதனங்கள் மனிதனை எவ்வாறு உருவாக்குகின்றன என்று எண்ணிப் பார்க்க நாமும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இப்பொருளைப் பற்றிப் பேசப் புன்னைக்காயல் மக்களுக்குத் தனி உரிமையும் உண்டு. 1542இல் இக்கடற்கரைக்கு வந்த புனித சவேரியார், கையில் மணியோடு ஊரைச் சுற்றி வந்து சிறுவரையும் பெரியோரையும் கூட்டியதைத் தம் கடிதத்தில் எழுதியுள்ளார். அவருக்குப் பின் வந்த இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் 1600இல் இறக்கும் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் இம்மக்களிடையே உழைத்தார். தமிழைக் கற்றதோடு நில்லாமல் தமிழை அச்சிலும் ஏற்றினார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றின் எழுத்திலேயே இம்மண்ணில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் அதுவே முதலாவது. 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. 1586இல் வந்த ‘அடியார் வரலாறு’ அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். அது இந்தப் புன்னைக்காயலில் அச்சிடப்பட்டது என்பர் அறிஞர். அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறை மக்களே பொருளுதவி செய்தார்கள்.

அந்நாளில் எழுத்தறிந்தோர் மிகச் சிலர். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதே வழி. எனவே ஒரு புத்தகம் இருந்தால் அதைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கும். சொல்பவர் யார் என்பது கேட்பவருக்குத் தெரியும். ஐயம் எழுந்தால் அவரிடமே போய்க் கேட்கலாம். சொல்லுக்குப் பின்னால் அதற்குப் பொறுப்பேற்க ஒரு மனிதர் நின்றார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நகரத்துக்குப் போவோம்.

ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் கியோர்க் சிம்மல் 1903இல் பெருநகர வாழ்வைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நகரத்தில் ஒருவன் ஒரே நாளில் காணும் முகங்களும் கேட்கும் ஓசைகளும் அளவு கடந்தவை. எல்லாவற்றுக்கும் மனம் கொடுத்தால் மனம் தாங்காது. ஆகவே நகரவாசி பாராமுகத்தை ஒரு கவசமாக அணிந்துகொள்கிறான் என்பது அவர் கருத்து. அடுத்த வீட்டாரின் பெயர் தெரியாதிருப்பவனைக் கல்நெஞ்சன் என்று நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. அவன் தன்னைத் தற்காத்துக்கொள்கிறான்.

கனடா நாட்டுக் கத்தோலிக்க அறிஞர் மார்ஷல் மெக்லூகன் 1964இல் இன்னொன்றைச் சொன்னார். ஒரு சாதனம் எதைச் சொல்கிறது என்பதைவிட, அது நம் பழக்கத்தை எப்படி மாற்றுகிறது என்பதே முக்கியம் என்றார். சென்னையில் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. பெட்டி இருந்த ஒரு வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடிப் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்கொரு பெட்டி வந்தது, தெரு கலைந்தது. இன்று கைக்கொரு திரை வந்துவிட்டது. குடும்பமும் கலைந்து உட்கார்ந்திருக்கிறது. திரையில் ஓடுவது நல்ல நிகழ்ச்சியாகவே இருக்கலாம். ஆனால் தனித்தனியே பார்க்கும் பழக்கம் தன் வேலையைச் செய்துவிடுகிறது.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் நடமாடுகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியாகப் பரவியது. சென்னையிலிருந்து குடும்பத்தாரோடு திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கோயிலுக்குச் சென்ற ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதைக் கண்டு சந்தேகித்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அந்தச் செய்தியை அனுப்பியவர் ஒருவரல்லர், ஆயிரம் பேர். ஆயினும் அதற்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டால் ஒருவருமில்லை. அந்த அம்மையாரிடம், “நீங்கள் யார், எந்த ஊர்?” என்று பொறுமையாகக் கேட்டறிய ஒருவர் இருந்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது மின்சாரம் நின்றது. பல இடங்களில் தொலைபேசியும் ஓய்ந்தது. 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழின் சென்னைப் பதிப்பு முதன்முறையாக ஒருநாள் அச்சாகவில்லை. அந்த வேளையில், பல ஆண்டுகளாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் பேசாதவர்கள் பேசினார்கள். மீனவ சகோதரர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். தொடர்பு கிடைத்த இடங்களில் இளைஞர்கள் அதே கைபேசியைக் கொண்டு, எங்கே உணவு வேண்டும், எங்கே படகு வேண்டும் என்று ஒருவருக்கொருவர் தெரிவித்தார்கள். ஒரு செய்தி வந்தால் அதன் முடிவில் ஒருவர் எழுந்து போனார். அதுதான் வேறுபாடு. வதந்தியைக் கேட்டவன் அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டான். இவர்கள் அதை ஏற்று நடந்தார்கள்.

எனவே சாதனங்களைச் சபிப்பது நம் வழியன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் சமூகத் தொடர்புச் சாதனங்களுக்கென்றே ஓர் ஆவணம் வெளியிட்டது. 1967 முதல் ஆண்டுதோறும் சமூகத் தொடர்பு நாளையும் திருச்சபை கொண்டாடி வருகிறது. 1971இல் வந்த உரோமை ஏட்டின் பெயரிலேயே ‘ஒன்றிப்பு’ என்ற சொல்லும் ‘முன்னேற்றம்’ என்ற சொல்லும் சேர்ந்து நிற்கின்றன. ஒன்றிப்பை வளர்க்காத தொடர்பு, எவ்வளவு விரைவாக ஓடினாலும் தன் நோக்கத்தை அடைவதில்லை. பாபேலில் மொழி இருந்தும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவில்லை. பெந்தகோஸ்து நாளிலோ பல மொழியினர் இருந்தும் ஒரே சமூகம் பிறந்தது.

இந்த யூபிலி ஆண்டில் உங்களிடம் மூன்று காரியங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, எந்தச் செய்தியையும் பிறருக்கு அனுப்புமுன், “இதை நான் நேரில் நின்று சொல்வேனா?” என்று கேளுங்கள். சொல்லமாட்டேன் என்றால் அனுப்பாதீர்கள்.

இரண்டாவது, மாலைச் செபமாலை நேரத்தில் வீட்டிலுள்ள கைபேசிகள் அனைத்தும் ஒரு பக்கம் ஓய்வெடுக்கட்டும். செபம் முடிந்தபின் கால்மணி நேரமாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுங்கள்.

மூன்றாவது, நகரங்களிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கு. ஊர்த் திருவிழாவைத் திரையில் கண்டு மகிழ்கிறீர்கள், நல்லது. ஆனால் இரவில் நெஞ்சு வலித்தால் கதவைத் தட்டப் புன்னைக்காயலிலிருந்து ஆள் வர முடியாது. நீங்கள் குடியிருக்கும் பங்கின் அன்பியத்தில் சேருங்கள். அடுத்த இரண்டு வீட்டாரின் பெயரையாவது அறிந்துகொள்ளுங்கள். உங்கள் பெயரையும் சொல்லி வையுங்கள்.

நம் முன்னோர் தம் உழைப்பின் பொருளைக் கொடுத்து அச்செழுத்தை இக்கரைக்கு வரவழைத்தார்கள். அவர்கள் வாங்கித் தந்த சொல் நம்மை ஒன்றுசேர்த்தது. நம் கைகளில் உள்ள சாதனங்களும் அப்பணியையே செய்ய, வார்த்தையானவரைப் பெற்றுத் தந்த அன்னை மரியாள் நமக்காகப் பரிந்து பேசுவாளாக.