பத்திரிசியார் மலையில் ஒரு திருயாத்திரை
(ஜூபிலி நிறைவு நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்த ஜூபிலிப் பெருவிழா நன்னாளில், சில ஆண்டுகளுக்கு முன் இறையருளால் நான் மேற்கொண்ட ஒரு திருயாத்திரையை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அயர்லாந்து நாட்டின் மேற்கே, மேயோ மாவட்டத்தில், கடலோரமாக எழுந்து நிற்கிறது குரோ பேட்ரிக் என்னும் மலை. உயரம் 764 மீட்டர். கிறிஸ்தவம் வருமுன்னரே கெல்த்திய மக்கள் அறுவடைத் தொடக்கத்தில் அதன்மேல் ஏறி விழா எடுத்தனர் என்பது அறிஞர் கருத்து. 441-ம் ஆண்டில் புனித பத்திரிசியார் அதன் உச்சியில் 40 நாள் உபவாசம் இருந்தார் என்பது மரபு. மக்கள் போற்றிய மலையை அவர் வெறுக்கவில்லை. அவர்கள் ஏறிய மலையிலேயே தாமும் ஏறி, அதை ஆண்டவருக்கு உரியதாக்கினார். 1990-களில் அகழ்ந்து பார்த்தபோது, 430-க்கும் 890-க்கும் இடைப்பட்ட காலத்துச் சிற்றாலயம் ஒன்றின் எச்சம் உச்சியில் வெளிப்பட்டது. இன்றுள்ள ஆலயம் 1905-ல் எழுந்தது.

ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர் அங்கே ஏறுகின்றனர். சிலர் வெறுங்காலுடனே ஏறுவர். செங்குத்தான பகுதி தொடங்குமிடத்தில் ஒரு கற்குவியல் உண்டு. அதை ஏழு முறை சுற்றி, ஏழு பரலோக மந்திரம், ஏழு அருள்நிறை மந்திரம், ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்ல வேண்டும்.

அங்கேதான் என் நா தடுமாறியது. பிறர் குற்றத்தைப் பொறுப்பது பற்றிய வரியைத் தாண்ட முடியவில்லை. காணி நிலத் தகராறொன்றில் என் தமையனாரோடு நான் பேசி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் ஞாயிறுதோறும் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்துவந்தேன்! ஏழு மந்திரத்திலும் அதே இடத்தில் நின்றேன்.

மேலே சரளைக் கற்கள். ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். முதியவர் ஒருவர் பேசாமல் தம் கைத்தடியை என்னிடம் நீட்டினார். உச்சியில் பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருக்கள் அமர்ந்திருந்தனர். நான் குருவாக அல்ல, பாவியாக முழந்தாளிட்டேன்.

ஊர் திரும்பியதும், பங்குக்கு வருமுன் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். "வா தம்பி, சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலியை நானே நிறைவேற்றினேன்.

அன்பர்களே! பழைய ஏற்பாட்டில் ஜூபிலி என்பது 50-ம் ஆண்டு. விற்ற நிலம் உரியவனிடம் திரும்பும். அடிமை தன் வீடு திரும்புவான். கொடியும் தோரணமும் மட்டும் ஜூபிலி ஆகாது. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிவிட்டு, வாசலில் முகம் திருப்பிக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நீங்கள் அயர்லாந்து போக வேண்டியதில்லை. உங்கள் மலை அடுத்த தெருவில் இருக்கிறது. இன்று மாலைத் தேர் புறப்படுமுன் அந்த வாசற்படியை ஏறுங்கள்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.