மலிவுத் துணியின் மறைவிலை

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஊராட்சி உறுப்பினர்கள் கூடுமிடத்தில் சாலை, குடிநீர், தெருவிளக்கு, கண்மாய் மராமத்து ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் நாம் உடுத்தும் துணி. துணிக்கும் கிராம வளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். சம்பந்தம் உண்டு. கடையில் நாம் எண்ணிக் கொடுக்கும் பணம் ஒரு துணியின் முழு விலை அன்று. மீதி விலையை ஆறும் கிணறும் நிலமும் கடலும் கொடுக்கின்றன. ஊரின் நீர்நிலைகளையும் பொது இடங்களையும் காக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆகவே அந்த மீதிக் கணக்கை உங்கள் முன் வைப்பது என் கடமையாகிறது.

தூத்துக்குடி அறிந்த பாடம்

மலிவுத் துணிக்குப் பின்னால் மறைவான விலை ஒன்று உண்டு என்பது நம் மாவட்டத்துக்குப் புதிய செய்தி அன்று. 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். அந்நிய நாட்டு ஆலைத் துணி மலிவாக வந்து குவிந்து, நம் நெசவாளரின் தறிகளை ஓயச் செய்த காலம் அது. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். குறைந்த கூலியும் ஓய்வில்லாத உழைப்புமே அவர்களுடைய குறை. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். சில நாட்களிலேயே கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன.

அன்று மறைவிலையைக் கொடுத்தவன் தொழிலாளி. அவனுக்கு வாய் இருந்தது; கேட்டான், பெற்றான். இன்று அந்த விலையைக் கொடுப்பவற்றுள் தண்ணீரும் மண்ணும் முதன்மையானவை. அவற்றுக்கு வாயில்லை. அவற்றின் பொருட்டு ஊரார்தாம் பேச வேண்டும்.

நொய்யல் கொடுத்த விலை

இன்று திருப்பூரில் உற்பத்தியாகும் பின்னலாடைகளுள் பெரும்பகுதி தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாகவே வெளிநாடு செல்கிறது. அந்தத் துணிக்குச் சாயமேற்றிய இடத்தில் நடந்ததை நம் விவசாயிகள் அவசியம் அறிய வேண்டும்.

பருத்தித் துணியில் சாயம் நன்கு பிடிப்பதற்குச் சாயத் தொட்டியில் உப்பை ஏராளமாகக் கொட்டுகிறார்கள். உப்பு, சாயத்தைத் துணியின்பால் தள்ளிவிடும். ஆனால் அது துணியில் தங்காது. தன் வேலை முடிந்ததும் கழிவுநீரோடு வெளியேறிவிடும். உப்பளங்கள் நிறைந்த நம் மாவட்டத்தில், உப்பு ஏறிய நிலம் என்னவாகும் என்பதை எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. திருப்பூரின் சாயக் கழிவு பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் கலந்தது. அந்த ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் அளிப்பதற்காக எழுந்த அணை அது. அணையில் தேங்கியதோ உப்பும் சாயமும் கலந்த நீர். சில ஆண்டுகளிலேயே, இந்தத் தண்ணீரை எங்கள் வயலுக்குத் திறந்துவிடாதீர்கள் என்று பாசன விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. தண்ணீர் கேட்டு வழக்காடும் விவசாயியை நாம் அறிவோம். தண்ணீர் வேண்டாம் என்று வழக்காடிய விவசாயியை நொய்யல் கரையில்தான் கண்டோம்.

சாயக் கழிவு ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் உத்தரவிட்டது. அது சரிவர நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளையெல்லாம் மூடும்படி ஆணை பிறந்தது. அதன் பின்னரே, கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அங்கு வலுப்பெற்றது. அம்முறைக்குச் செலவு அதிகம். அச்செலவு துணியின் விலையில் ஏறும். செலவு செய்யாத வேறோர் ஊரிலோ நாட்டிலோ சாயமேற்றிய துணி, அதைவிட மலிவாகச் சந்தைக்கு வரும். மலிவு எங்கிருந்து பிறக்கிறது என்பது இப்போது விளங்கும். கழிவைச் சுத்தம் செய்யும் செலவு மிச்சப்படுத்தப்படவில்லை. ஆற்றின் கீழ்மடை விவசாயியின் தலையில் ஏற்றப்படுகிறது.

ஒரு பருத்திப் பனியன் சட்டைக்கு, பயிர் முதல் சாயம் வரை, சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் காட்டில் மானாவாரியாக விளையும் பருத்தி வானத்து மழையைக் குடித்தே வளர்கிறது. எல்லா நாட்டிலும் அப்படியன்று. மத்திய ஆசியாவில் பருத்திப் பாசனத்துக்காக இரு பேராறுகளைத் திருப்பியதால் ஆரல் கடல் வற்றியது. 1960-இல் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த நீர்ப்பரப்பு அது. இன்று அதன் பெரும்பகுதி உப்புப் படிந்த பாலையாகக் கிடக்கிறது. அங்கிருந்த மீனவர் ஊர்களுக்கு இன்று கடலே இல்லை.

கழித்த துணி எங்கே போகிறது?

துணி பிறப்பதற்கு ஆறு விலை கொடுக்கிறது. அது கழிவதற்கும் யாரோ விலை கொடுக்கத்தான் வேண்டும். தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் இக்கீக்கே என்றொரு துறைமுகம் உண்டு. உலக நாடுகள் கழித்த துணி அங்கு ஆண்டுக்கு 59,000 டன் அளவில் வந்திறங்குவதாகவும், விலை போகாத 39,000 டன் பக்கத்திலுள்ள அட்டகாமா பாலைவனத்தில் கொட்டப்படுவதாகவும் 2021-இல் செய்தி வெளியாயிற்று. அந்தத் துணி மலைகளைப் படத்தில் கண்டு உலகம் வியந்தது.

நாம் வியப்பதற்கு அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. பாபநாசத்தில் தாமிரபரணியில் நீராடுவோர், உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் இருந்து வருகிறது. அங்கிருந்து டன் கணக்கில் துணியை அள்ளி அப்புறப்படுத்தியிருக்கிறார்கள். முன்னாளில் ஒருவர் விட்டது ஒரு பருத்தி வேட்டியாக இருந்தது. சில மாதங்களில் அது மக்கி மண்ணோடு மண்ணாயிற்று. இன்று விடுவதில் பெரும்பகுதி பாலியஸ்டர். அது பெட்ரோலிய எண்ணெயிலிருந்து செய்யப்படுவது. ஒரு வகை பிளாஸ்டிக் என்றே கூறலாம். உலகில் உற்பத்தியாகும் நாரில் பாதிக்குமேல் இன்று பாலியஸ்டர்தான். அது எளிதில் மக்காது. பாறையில் சுற்றிக்கொள்ளும், மதகில் அடைக்கும். பாவத்தைத் தொலைப்பதாக எண்ணி விட்ட துணி, ஸ்ரீவைகுண்டம் வரை அதே தாமிரபரணியைக் குடிநீராகவும் பாசன நீராகவும் கொண்டிருக்கும் மக்களுக்குத் துன்பமாகிறது.

முத்துக் கடலுக்கு வரும் நூல்

தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. பாலியஸ்டர் துணியைத் துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய நார்கள் உதிர்ந்து நீரில் கலக்கின்றன. சாக்கடை ஓடைக்கும், ஓடை ஆற்றுக்கும், ஆறு கடலுக்கும் அவற்றைக் கொண்டு சேர்க்கின்றன. கடலில் அறுந்துபோகும் நைலான் வலைகளும் அவ்வாறே துகள்துகளாகின்றன. சிப்பியோ, கடல்நீரை உறிஞ்சி வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு வாழும் பிராணி. நல்லதையும் தீயதையும் பிரித்தறிய அதற்கு இயலாது. தூத்துக்குடிக் கடற்கரையில் எடுத்த உண்ணும் சிப்பிகளில் நுண்ணிய பிளாஸ்டிக் இருப்பதை இங்குள்ள கடல் ஆராய்ச்சியாளரே கண்டு 2019-இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் கடலில் முத்துக்குளிப்பு நின்றதற்குத் துணி காரணமன்று. 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே கடைசியாக நிகழ்ந்தது. இந்தத் துணியெல்லாம் பெருகியது அதற்குப் பின்னர்தான். ஆயினும் முத்துப் பார்களின் வரலாறு நமக்கு ஒன்றைச் சொல்கிறது. கொற்கையின் காலந்தொட்டுப் புகழ்பெற்றிருந்த செல்வம், ஒரு முறை நின்றபின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பழையபடி திரும்பவில்லை. கடல் தாராளமாகக் கொடுக்கும். இழந்ததை நாம் கேட்கும்போது திருப்பிக் கொடுப்பது அதன் வழக்கமன்று.

பவளப் பாறையின் கதை இன்னும் நேரானது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக்கல் பல ஆண்டுகள் மலிவாகக் கிடைத்தது. அந்த மலிவுக்கு விலை கொடுத்தவை தீவுகள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு நீரில் மூழ்கின. பவளம் 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்தது. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவைக் காப்பதற்கு 2015 முதல் சர்க்கார் பெருஞ்செலவில் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க நேர்ந்தது. இலவசமாக நின்று அலையைத் தடுத்த பாறையை மலிவாக விற்றோம். பின்னர் காசு கொடுத்துச் செய்து இறக்கினோம். இதுவே மறைவிலையின் இயல்பு. அது தள்ளிப்போகும்; தள்ளுபடி ஆகாது.

ஏழையின் துணி

மலிவான துணி ஏழைக்கு உதவி அல்லவா, அதைக் குறை கூறலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒற்றை வேட்டியைத் துவைத்து உலர்த்தி உடுத்திய காலம் நம் பாட்டனார் காலம். மாற்றுத் துணி இல்லாத வீடு இன்று அரிது என்பது பெருமைக்குரிய முன்னேற்றம். திருப்பூரின் தொழிலால் நம் கிராமத்துக் குடும்பங்களும் பிழைக்கின்றன. ஆகவே துணி வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. மலிவு வேறு, சிக்கனம் வேறு என்றே சொல்கிறேன். எடுத்துக்காட்டாக, 200 ரூபாய்ச் சட்டை இருபது முறை உடுத்தியதும் நைந்துபோனால், ஒரு முறை உடுத்தியதற்கு 10 ரூபாய் ஆகிறது. 500 ரூபாய்ச் சட்டை நூறு முறை உழைத்தால் 5 ரூபாய்தான். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கும் விவசாயிக்கு இந்தக் கணக்குக் கடினமன்று.

ஊராட்சி செய்யக்கூடியவை

முதலாவது, பொது விழாக்களில் போர்த்தும் பொன்னாடை. ஒரு விழாவில் பத்துப் பேருக்குப் போர்த்துகிறோம். மினுமினுக்கும் அந்தச் செயற்கை இழைத் துணி மறுநாள் எவருக்கும் பயன்படுவதில்லை. அதற்குப் பதிலாகக் கைத்தறித் துண்டு அணிவியுங்கள். அது ஓராண்டு தோளில் உழைக்கும். ஒரு நெசவாளர் வீட்டில் அடுப்பு எரியும்.

இரண்டாவது, பழந்துணி சேர்க்கும் இடம். தூய்மைக் காவலர்கள் வீடுதோறும் குப்பை பெறும்போது, மாதம் ஒரு நாள் பழந்துணியைத் தனியே பெறலாம். உடுத்தக்கூடியதைச் சலவை செய்து வேண்டுவோர்க்கு அளிக்கலாம். பருத்திக் கந்தல் எண்ணெய் துடைக்கும் துணியாகப் பட்டறைகளில் விலைபோகும். கெட்டித் துணியைச் சுய உதவிக் குழுத் தாய்மார்கள் பையாகத் தைக்கலாம். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. மஞ்சப்பை இயக்கமும் 2021 டிசம்பரில் தொடங்கிற்று. பை தைக்கத் துணி வெளியூரிலிருந்து வர வேண்டுமா?

மூன்றாவது, துணியை ஓடையிலும் கண்மாயிலும் எறிவதும், குப்பைமேட்டில் எரிப்பதும் நிற்க வேண்டும். செயற்கை இழை எரியும் புகை குழந்தைகளுக்கும் முதியோருக்கும் தீங்கானது. ஆற்றங்கரை ஊர்களில் படித்துறைக்கு அருகே துணி இடுவதற்குத் தொட்டி வையுங்கள். நம்பிக்கையுடன் வருவோரைக் கடிந்து பேச வேண்டாம். இடத்தைக் காட்டினால் போதும்.

நான்காவது, கடற்கரை ஊராட்சிகளில் பழைய வலைக்கு ஒரு கிடங்கு. கிழிந்த வலையைக் கடலில் வெட்டி விடாமல் கரைக்குக் கொண்டுவரும் மீனவருக்கு அதை வைக்க இடமும், எடுத்துச் செல்லும் வியாபாரியின் தொடர்பும் ஊராட்சி ஏற்பாடு செய்து கொடுக்கலாம்.

ஐந்தாவது, பள்ளிக் கூட்டத்திலும் குழுக் கூட்டத்திலும் தையலுக்குச் சிறிது நேரம் ஒதுக்குங்கள். பொத்தான் தைக்கவும் கிழிசல் ஒட்டவும் தெரியாத பிள்ளை, பொத்தான் அறுந்த சட்டையைக் குப்பையில்தான் போடும்.

இவற்றுள் எதற்கும் பெரும் நிதி தேவையில்லை. அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானமும், அதை நிறைவேற்ற இரண்டு உறுப்பினர்களின் முனைப்பும் இருந்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. பொன்னாடையை நிறுத்துவதற்கு ஒரு காசும் செலவில்லை, அதிலிருந்தே தொடங்கலாம்.

பெரியோர்களே! மேல்மடையில் ஒருவன் செய்யும் தவறு கீழ்மடையில் இருப்பவன் பயிரைக் கெடுக்கும் என்பது நம் பாசன முறை அறிந்த நியதி. தாமிரபரணிக்கும் வைப்பாற்றுக்கும் நாம் கீழ்மடையில் இருக்கிறோம்; கடலுக்கு நாமே மேல்மடை. மேலிருந்து வருவதைக் குறித்து முறையிடும் உரிமை நமக்கு உண்டு. நமக்குக் கீழே கடலில் பாடுபடுவோருக்கும் அதே உரிமை உண்டு. சங்கு குளிப்பவரும் வலை வீசுபவரும் நம்மைப் பார்த்துக் குறை சொல்லாதபடி நடந்துகொள்வோமாக. இந்த மறைவிலையைக் குறைக்கும் முதல் தீர்மானம் உங்கள் ஊராட்சியில் நிறைவேற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.