காடு மறைக்கும் பந்தயம்



தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் 2004 முதல் நடந்துவரும் மலைச் சைக்கிள் பந்தயம் கேப் எபிக். எட்டு நாள் ஓட்டம், 600 முதல் 700 கிலோமீட்டர். ஏறுகிற மேடுகளையெல்லாம் கூட்டினால் சுமார் 15,000 மீட்டர். எவரெஸ்டின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். பாதை வகுத்த லியோன் எவன்சுக்கு வீரர்கள் வைத்த பட்டப்பெயர் 'டாக்டர் ஈவில்'. அந்த மேடுகளில் ஏறியவர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

சரி, ஓட்டுகிறவர் பாடு அது. பார்க்க வந்தவர் பாடு என்ன? வெயிலில் ஒரு வளைவில் காத்து நின்றால், இரண்டு பேர் புழுதி கிளப்பிக்கொண்டு கடந்து போவார்கள். அவ்வளவுதான். அவர்களை மறுபடி பார்க்க வேண்டுமானால் அடுத்த பள்ளத்தாக்குக்கு ஓட வேண்டும்.

ஒலிம்பிக் இதற்குக் கண்ட வழி, பந்தயத்தைச் சுருக்குவது. 1996இல் அட்லாண்டாவில் மலைச் சைக்கிள் முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோது, ஆண்களில் தங்கம் வென்றவருக்கே இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. இப்போது சில கிலோமீட்டர் சுற்றிலேயே திரும்பத் திரும்ப வந்து ஒன்றரை மணிக்குள் முடித்துவிடுகிறார்கள். உலகக் கோப்பையில் 2018 முதல் இருபது நிமிடச் சொச்சத்தில் முடியும் குறும்பந்தயமும் உண்டு. தொலைக்காட்சிக்கு அருமையான சரக்கு, மறுக்கவில்லை. ஆனால் நெடும்பந்தயத்துக்கு இந்த மருந்து ஆகாது. நீளத்தை வெட்டினால் பசியும் அலுப்பும் மூன்றாம் நாள் காலையில் எழ மறுக்கும் கால்களும் கூடவே வெட்டுப்பட்டுப் போகும். மிஞ்சுவது வேறொரு விளையாட்டு.

பிறகு எதை வைத்துப் பார்வையாளரை உட்கார வைப்பது? கேமராவைவிட விதிப்புத்தகமே அதிகம் கைகொடுக்கிறது என்பது என் கட்சி. கேப் எபிக்கில் யாரும் தனியாகப் பதிவு செய்ய முடியாது. இருவர் ஓர் அணி. ஒருவரை விட்டு மற்றவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகிவிட்டால் தண்டனை. இந்த ஒரு விதி போதும், கதை பிறந்துவிடுகிறது. வலுத்தவர் மேட்டில் நின்று திரும்பிப் பார்க்கிறார். சில நேரம் கூட்டாளியின் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறார். சில நேரம் முகத்தில் எரிச்சல். ஹெலிகாப்டரிலிருந்து எடுக்கும் திராட்சைத் தோட்டங்கள் ஐந்து நிமிடத்தில் சுற்றுலா விளம்பரமாகிவிடும். அந்த முகம் ஆகாது.

கேப் எபிக்கை 2011, 2012 இரண்டு ஆண்டும் சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் சவுசரும் தென்னாப்பிரிக்காவின் பரி ஸ்டாண்டரும் சேர்ந்து வென்றார்கள். 2013 ஜனவரியில் சைக்கிள் பயிற்சியின்போது வாகனம் மோதி ஸ்டாண்டர் இறந்தார். அவருக்கு வயது 25. மார்ச்சில் சவுசர் மீண்டும் வந்தார், பக்கத்தில் லண்டன் ஒலிம்பிக் சாம்பியன் யாரோஸ்லாவ் குல்ஹாவி. அந்த ஆண்டும் சவுசர்தான் வென்றார். இது தெரிந்து பார்க்கிறவருக்கும் தெரியாமல் பார்க்கிறவருக்கும் திரையில் ஓடுவது ஒரே படமா?

விதி மட்டுமல்ல, பாதையும் கைகொடுக்கும். அமெரிக்காவில் கொலராடோவின் லெட்வில் பந்தயம் 100 மைல், ஒரே நாள், 3,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்த இடம். அங்கே பாதையே பார்வையாளருக்குத் தோது: போன வழியே திரும்ப வேண்டும். ட்வின் லேக்ஸ் என்னும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஒவ்வொருவரையும் இரண்டு முறை பார்க்கலாம். போகும்போது சிரித்தவர் வரும்போது எப்படி வருகிறார் என்பதே ஒரு நாடகம். 2008இல் சாலைச் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கைக் கொலராடோக்காரரான டேவ் வீன்ஸ் தோற்கடித்ததும் கூட்டம் கூடியது. மறு ஆண்டுப் பந்தயம் முழுநீளப் படமாகித் திரையரங்குகளுக்கே போனது.

இன்னொரு விந்தை உண்டு. கனடாவின் பான்ஃபில் தொடங்கி மெக்சிகோ எல்லைவரை ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர் ஓடுவது டூர் டிவைட். பரிசுப் பணம் கிடையாது, நேரடி ஒளிபரப்பு கிடையாது. செயற்கைக்கோள் கருவி அனுப்பும் ஒரு புள்ளி வரைபடத்தில் நகரும், அவ்வளவே. அந்தப் புள்ளியை நாள் கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம் உலகெங்கும் இருக்கிறது. புள்ளி நின்றுவிட்டதே, தூங்குகிறாரா, சைக்கிள் பழுதா என்று வாதம் செய்கிறார்கள். வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையில், ஆடுகளத்தைக் காணாமலேயே கிரிக்கெட் கேட்டவர்களுக்கு இது புதிராகத் தெரியாது.

ஆகவே ஒளிபரப்பாளரிடம் நான் கேட்பது கூடுதல் டிரோன் அல்ல. முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் எத்தனை நிமிட இடைவெளி, இன்னும் எவ்வளவு மேடு பாக்கி என்ற கணக்கு எப்போதும் திரையில் இருக்கட்டும். பெண்கள் பந்தயத்தை, ஆண்கள் ஓட்டத்தின் இடைவேளை நிரப்பியாக நடத்தாமல், அதற்கென்று கேமராவும் வர்ணனையாளரும் கொடுக்கட்டும். முதல் அணி கோட்டைத் தாண்டியதும் ஒளிபரப்பை மூடிவிடவும் வேண்டாம். கேப் எபிக்கில் அதே பாதையில் நூற்றுக்கணக்கான சாதாரண ஆட்களும் ஓட்டுகிறார்கள். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் அவர்களுக்குப் பந்தயம் முடிந்தது. கடைசி அரைமணியில் யார் உள்ளே, யார் வெளியே என்பதைக் காட்ட ஒரே ஒரு கேமராவும் ஒரு கடிகாரமும் போதும். செலவும் அதிகம் ஆகாது.