கவசம் காக்காத கப்பல்கள்

1941 டிசம்பர் 10ஆம் நாள், குவாந்தான் கடற்பரப்பில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் இரு பிரிட்டிஷ் பெரும் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டனர்.

'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' தடித்த எஃகுக் கவசம் பூண்டிருந்தது. ஆயினும், அதன் சுழலித்தண்டின் அருகே டார்பிடோ தாக்கியதும் கடல்நீர் உட்புகுந்தது, மின்சாரம் தடைப்பட்டது, விமான எதிர்ப்புப் பீரங்கிகள் பல செயலற்றன. தளபதி ஃபிலிப்ஸ் வானொலி மௌனம் காத்தார். செம்பவாங்கிலிருந்து போர்விமானங்கள் வந்தபோது காலம் கடந்திருந்தது.

சிங்கப்பூரைக் காக்க வந்த கப்பல்களுக்கே வான்காவல் இல்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. மாணவர்களே, பீரங்கியின் பருமனை மட்டும் வலிமையென எண்ணியோர்க்கு அக்கடல் கற்பித்த பாடம் இது: வானை இழந்தவர் கடலையும் இழப்பர்.