மன்னிப்பும் விவேகமும்
திருத்தணியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு



அசுரரோடு பொருத முருகப்பெருமானின் சினம் தணிந்த தலம் இத்திருத்தணி என்பது ஐதிகம்; ஆகையினாலேயே கந்த சஷ்டியில் பிற தலங்களில் நிகழும் சூரசம்ஹாரம் இங்கே நிகழாமல் புஷ்பாஞ்சலி நடைபெறுகிறது. முதலில் தீமை அடக்கப்பட்டது, பின்னரே சினம் தணிந்தது என்னும் அந்த வரிசையை மனத்திற் கொண்டு, கிறிஸ்தவ தர்மம் போற்றும் மன்னிப்பையும் ஈகையையும் பிறர் வஞ்சனைக்கு இரையாகாமல் அனுஷ்டிப்பது எங்ஙனம் என்பதைச் சிந்திக்க விரும்புகிறேன். இவ்வூரில் 1888ஆம் ஆண்டு பிறந்து, திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலும் கிறிஸ்தவக் கல்விச்சாலைகளிற் பயின்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் ஊரில் இவ்விஷயத்தைப் பேசுவது பொருத்தமேயாகும்.

தவறு செய்யும் சகோதரனை எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு வினவியபோது, ஏழெழுபது முறை என்று இயேசுபிரான் விடையளித்ததை யாவரும் அறிவோம். ஆனால் மத்தேயு சுவிசேஷத்தின் அதே பதினெட்டாம் அதிகாரத்தில், அந்த விடைக்குச் சற்று முன்னரே வேறோர் உபதேசமும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. குற்றம் செய்தவனைத் தனியே கண்டு அவன் குற்றத்தை உணர்த்த வேண்டும். கேளாவிடில் சாட்சிகளுடன் செல்ல வேண்டும். அப்போதும் கேளாவிடில் சபையின் முன் வைக்க வேண்டும். சபைக்கும் செவிசாய்க்காதவனைப் புறத்தே நிறுத்த வேண்டும். அளவற்ற மன்னிப்பும் வரம்புள்ள நடவடிக்கையும் ஓர் அதிகாரத்திலேயே அடுத்தடுத்து நிற்பதால், இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பது தெளிவாகிறது. மன்னிப்பாவது பகையைக் கைவிடுதலேயன்றிக் காவலைக் கைவிடுதல் அன்று.

இதற்கு நம் நாட்டிலேயே உத்தமமான சாட்சி ஒன்று உண்டு. ஒரிசாவின் பாரிபதாவில் குஷ்டரோகிகளுக்குத் தொண்டு செய்துவந்த கிரஹாம் ஸ்டெயின்ஸ் என்ற ஆஸ்திரேலியரும், பத்து வயதும் ஆறு வயதுமான அவர் புதல்வர் இருவரும், 1999 ஜனவரியில் மனோகர்பூர் என்னும் சிற்றூரில் தம் வாகனத்திலேயே எரித்துக் கொல்லப்பட்டனர். அவர் மனைவி கிளாடிஸ் அம்மையார், கொலைஞரைத் தாம் மன்னித்துவிட்டதாகக் கூறினார்; குற்றத்தின் விளைவு வேறு, தமது மன்னிப்பு வேறு என்பதையும் தெளிவாகவே சொன்னார். வழக்கு தன் வழியே சென்றது. 2003இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட முதற்குற்றவாளிக்கு உயர்நீதிமன்றம் 2005இல் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதனையே உறுதிசெய்தது. பழிவாங்கும் வேட்கையை நெஞ்சிலிருந்து அகற்றிய அம்மையார், தண்டிக்கும் கடமையை அரசின் கையில் விட்டுவிட்டு, அதே பாரிபதாவில் நோயாளிகளின் தொண்டைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்.

இல்லறத்திற்கும் இதே நியாயம் பொருந்தும். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனிடம், மன்னித்துவிட்டுச் சகித்திரு என்று ஒரு பெண்ணை மீண்டும் மீண்டும் அனுப்பிவைக்கும் சுற்றத்தார், மன்னிப்பின் பெயரால் கொடுமைக்குத் துணைபோகின்றனர். அவள் உள்ளத்தால் மன்னிக்கலாம். ஆயினும் அவன் திருந்தும்வரை தாய்வீட்டில் இருப்பதும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் காவலை நாடுவதும் பாவமாகா. அடிக்கும் கையைத் தடுப்பது அடிக்கிறவனுக்கும் செய்யும் உபகாரமே.

இனி ஈகைக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, இங்கிருந்து வடக்கே ஒங்கோலில் ஜான் கிளஃப் என்னும் அமெரிக்கப் பாப்டிஸ்டுப் பாதிரியார் பணியாற்றினார். பசித்து வந்தோர்க்கு வெறும் பிச்சையிடுவதோடு அவர் அமைந்துவிடவில்லை. பக்கிங்ஹாம் கால்வாயில் ஏறத்தாழ மூன்றரை மைல் தூரம் வெட்டும் குத்தகையை அரசாங்கத்திடம் பெற்று, ஆயிரக்கணக்கானோர்க்கு வேலையும் கூலியும் அளித்தார். அதனினும் சிறந்ததொன்றையும் செய்தார்: சோற்றுக்காக மதம் மாறினர் என்ற பேச்சுக்கு இடமாகாதபடி, பஞ்சம் நீங்கும்வரை ஒருவருக்கேனும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். உதவி முடிந்தது என்று அறிவித்த பின்னரும் ஜனங்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3ஆம் நாள் ஒரே தினத்தில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். கொடுப்பவரின் கருணையும் பெறுபவரின் மானமும் ஒருங்கே காக்கப்பட்ட ஈகை அது. ஈகைக்கென்று தனி அதிகாரம் வகுத்த திருவள்ளுவரும், அளவறிந்து கொடுக்கும் நெறியை வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்ததை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆதலின், கடன் கேட்டு வரும் உறவினனுக்குக் கொடுக்குமுன், இப்பணம் அவனை எழுந்து நிற்கச் செய்யுமா, அன்றி மீண்டும் நம் வாயிலில் நிற்கச் செய்யுமா என்று வினவுங்கள். சூதுக்கும் குடிக்கும் போகும் பணத்தை மறுத்து, அவன் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நேரே செலுத்துங்கள். நேற்று வஞ்சித்தவனை இன்று வெறுக்காதிருங்கள். ஆனால் அவன் மனந்திரும்பியது செயலிற் புலப்படும்வரை அதே பொறுப்பை மறுபடி ஒப்படைக்காதிருங்கள்.

எனினும், ஏமாறுவோம் என்ற அச்சத்தால் கையை மூடிக்கொள்வதற்கு என் சொற்களை ஒருவரும் ஆதாரமாகக் கொள்ளலாகாது. சிற்சில வேளை ஏமாறுதல் அன்புடையார் கொடுக்கும் விலை. அதனைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவன் நம்மை இடைவிடாது வஞ்சிக்க இடங்கொடுப்பது, நமக்கு நேரும் நஷ்டத்தைக் காட்டிலும் அவன் ஆன்மாவுக்கு நாம் இழைக்கும் பெருந்தீங்கு. அதனைத் தடுக்கும் வரம்பு அன்புக்கு மாறானதன்று; அன்பின் கடமைகளுள் அதுவும் ஒன்று.