பெட்டியை மட்டும் மாற்றினால் போதும்



பல வீடுகளில் நடப்பதுதான் இது. ஆறேழு வருடம் ஓடிய சிஸ்டம் ஒருநாள் ஆன் ஆக மறுக்கிறது. சர்வீஸ் செய்பவர் வந்து திறந்து பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சு சார், இந்த மாடலுக்கு இனிமே போர்டு கிடைக்காது" என்கிறார். அடுத்த வாரமே கடன் வாங்கியாவது ஒரு லேப்டாப்போ முழு செட்டோ வீட்டுக்கு வந்துவிடுகிறது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மானிட்டர், கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், ஸ்பீக்கர் எல்லாம் பரணுக்குப் போகின்றன. கெட்டுப்போனது ஒரு பெட்டி. அதற்காக ஒரு மேசையையே காலி செய்துவிடுகிறோம்.

கையில் பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் சிபியூ பெட்டியை மட்டும் வாங்குங்கள். அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்து, சோதித்து விற்கப்படும் பெட்டியாகவே வாங்கலாம். ஆனால் எந்தப் பெட்டி என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யக்கூடாது. உங்கள் மேசையில் ஏற்கெனவே இருக்கும் பொருள்கள் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே கடைக்குக் கிளம்புமுன் மானிட்டரைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். நீல நிறத்தில், மூன்று வரிசையாகப் பதினைந்து துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருந்தால் அது விஜிஏ. 1987-இல் ஐபிஎம் நிறுவனம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த இணைப்பு அது. உருண்டை முனை கொண்ட பழைய கீபோர்டு, மவுஸ் இணைப்பும் அதே ஆண்டு அதே கணினிகளோடு வந்ததுதான். அதனால்தான் அதற்கு இன்றும் பிஎஸ்/2 என்றே பெயர். இன்றைய பெட்டிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் என்ற இரண்டு மட்டுமே இருக்கும். சில அலுவலக மாடல்களில் விஜிஏவும் உண்டு; அது கிடைத்தால் உங்களுக்கு வேலை மிச்சம்.

கிடைக்காவிட்டாலும் மானிட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். சில நூறு ரூபாயில் ஒரு கன்வெர்ட்டர் போதும். அதை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது ஒருவழிப் பாதை. பெட்டியில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் விஜிஏ என்றால் 'எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு' என்று கேட்டு வாங்க வேண்டும். பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் எதிர்த்திசைப் பொருளை மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும்; பெட்டிதான் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். மானிட்டரின் முதுகை மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஆயிரம் வார்த்தை விளக்குவதைவிட அது மேல்.

கீபோர்டு விஷயத்தில் தமிழ் தட்டச்சு செய்பவர்களின் மனம் எனக்குப் புரியும். டிடிபி சென்டர்களில் டிவிஎஸ் கோல்டு கீபோர்டை வருடக்கணக்காகக் கைவிடாமல் வைத்திருப்பார்கள். அந்த விசைகளின் அழுத்தம் விரலுக்குப் பழகிவிட்டால் வேறொன்றில் வேகம் வராது. அதன் முனை யூஎஸ்பி என்றால் கவலையே இல்லை. ஊதா நிற உருண்டை முனை என்றால், பிஎஸ்/2 துளையுள்ள பெட்டியைத் தேடலாம். அல்லது உள்ளே சிப் வைத்த பிஎஸ்/2 - யூஎஸ்பி கன்வெர்ட்டரை வாங்கலாம். மவுஸோடு இலவசமாக வரும் சிறிய பச்சை அடாப்டர் எல்லாக் கீபோர்டுக்கும் ஒத்துவராது.

பிரிண்டர்தான் பலரை ஏமாற்றுகிறது. கேபிள் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பிரிண்டரை இயக்க டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும். விண்டோஸ் 11 என்பது 64 பிட் அமைப்பு மட்டுமே. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் 32 பிட்டுக்காக எழுதப்பட்ட டிரைவர் அதில் ஏறாது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், வயதில் மூத்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சில சமயம் பின்னால் வந்த லேசர் பிரிண்டரைவிட எளிதாக ஒத்துழைக்கும். பில் அடிக்கும் பல டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் எப்சன் வகுத்த கட்டளைமுறையைப் புரிந்துகொள்பவை. பொதுவான ஒரு டிரைவரைக் கொண்டே ஓட்டிவிடலாம். அகலமான பேரலல் கேபிளுக்குப் புதிய பெட்டியில் இடம் இருக்காது. யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் கிடைக்கிறது.

விலை குறைந்த லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் நிலைமை வேறு. பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கணினியே செய்து அனுப்ப வேண்டும். அதற்கென்றே எழுதிய டிரைவர் இல்லாவிட்டால் அந்த பிரிண்டர் ஊமை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் போடுவதாக இருந்தால், எச்பி லேசர்ஜெட் 1020-ஐ எச்பி தரும் கூடுதல் மென்பொருளோடு ஓட்டலாம். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் காணும் கேனன் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் ஓடவைப்பது சிரமம். எனவே பணம் கொடுக்குமுன், தெரிந்தவர் வீட்டில் விண்டோஸ் 11 கணினி இருந்தால் உங்கள் பிரிண்டரையும் ஸ்கேனரையும் அங்கே எடுத்துப்போய் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் இதைவிட உறுதியான சோதனை வேறில்லை.

இப்போது பெட்டிக்கு வருவோம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும், மற்ற ஊர்களின் கணினிக் கடைகளிலும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்ற பெயர்களைப் பார்ப்பீர்கள். பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கழிப்பவை இவை. வீட்டுக்கென்று மலிவாகச் செய்த பெட்டியைவிட உறுதியானவை என்பது என் கருத்து.

அங்கே முதலில் காதில் விழுவது "ஐ5 சார், 8 ஜிபி ரேம்" என்பதுதான். வெறும் ஐ5 என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஐ5 2400 என்பது 2011-ஆம் ஆண்டுச் சரக்கு. ஐ5 8500 என்பது 2018-ஆம் ஆண்டுச் சரக்கு. இரண்டையும் ஐ5 என்றே விற்கலாம். பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கம் தலைமுறை; 10400 போல ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு இலக்கம்.

இந்தத் தலைமுறைக் கணக்கு இப்போது மிக முக்கியம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ, இன்டெல் கோர் வரிசையில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதனால் ஆறு, ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் விலை இறங்கிச் சந்தைக்கு வருகின்றன. குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றி விற்பவர்களும் உண்டு. அதை நம்பி வாங்க வேண்டாம். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள் தேவைப்படுபவர்கள் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். பிள்ளைகளின் படிப்பு, இணையம், கடிதம் எழுதுவது மட்டும்தான் வேலை என்றால், ஏழாம் தலைமுறைப் பெட்டியில் லினக்ஸ் போட்டுக்கொள்வது நல்ல முடிவு. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது, லினக்ஸ் மின்ட் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு.

ஐ5-க்குப் பதில் ஐ7 வேண்டுமா என்று யோசிக்கும் பணத்தை எஸ்எஸ்டியில் போடுங்கள். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டால் வரும் வேகம், பிராசசரை ஒரு படி உயர்த்தினால் வராது. ரேம் 8 ஜிபி இருக்கட்டும்.

லேப்டாப், மொபைல் பழக்கத்தில் நாம் மறந்துபோவது ஒன்றுண்டு. இத்தகைய பெட்டிகள் பலவற்றில் வைஃபை கிடையாது. கேமராவும் மைக்கும் இருக்காது. சின்ன யூஎஸ்பி வைஃபை ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த நிறுவனப் பெட்டிகள் பலவற்றில், பெட்டிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் அந்த மாடலுக்கென்றே செய்தது. சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே மாட்ட முடியாது. மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் இது பெரிய விஷயம். அந்த மாடலின் எஸ்எம்பிஎஸ் தனியாகக் கிடைக்குமா என்று அதே கடையில் கேட்டுவிடுங்கள். வீட்டில் பழைய யூபிஎஸ் இருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றிப் பயன்படுத்துங்கள். இந்தச் சிறிய பெட்டிகள் கரண்ட் குறைவாகவே இழுப்பதால் கூடுதல் நேரம் தாங்கும்.

கடையில் பெட்டியை ஆன் செய்யச் சொல்லி, பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் நுழைந்து பாருங்கள். அதற்கு டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1 விசையை அழுத்த வேண்டும். பழைய அலுவலகம் வைத்த பாஸ்வேர்டு அங்கே கேட்டால், அதை நீக்கிக் கொடுத்த பிறகே பணம் கொடுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஆக்டிவேட்டட்' என்று காட்டுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். எல்லா யூஎஸ்பி துளைகளிலும் ஒரு பென் டிரைவைச் செருகிச் சோதியுங்கள். தேதி பின்னோக்கிப் போயிருந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் சிஆர்2032 என்ற நாணய பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும். பில்லில் மாடல் பெயரும், சீரியல் எண்ணும், எத்தனை மாத வாரன்டி என்பதும் எழுதியிருக்க வேண்டும்.

கடைசியாக, இறந்துபோன பழைய பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடுமுன் அதிலிருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எடுங்கள். போர்டு போய்விட்டதே தவிர, கல்யாணப் போட்டோக்களும் பிள்ளைகளின் குழந்தைப் பருவமும் பெரும்பாலும் அதில் பத்திரமாகவே இருக்கும். தனி அடாப்டரோடு வரும் 3.5 அங்குல யூஎஸ்பி கேசிங் ஒன்றில் அதைப் போட்டு, புதிய பெட்டியில் செருகி, முதல் வேலையாக எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். டிஸ்க்கிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்த்தால், இருப்பதும் போய்விடும்.