பட்டேரியின் தோழி

பிற மாநிலங்களில் வாழும் நம் பெண்மணிகள் பணிபுரியும் அலுவலகங்களில், பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கக் குழு ஒன்று உண்டு. அதன் வரலாறு ஜெய்ப்பூருக்கு அப்பாலுள்ள பட்டேரி என்னும் சிற்றூரில் தொடங்குவதை அறிந்தோர் சிலரே.

அவ்வூர்க் குயவர் குலத்துப் பன்வாரி தேவி, 1985-இல் மாநில அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாதின்’ ஆனார். சாதின் என்றால் தோழி. மொழிபெயர்ப்பது எளிது, அப்பெயருக்குரிய வேலையோ எளிதன்று. 1992-இல், ஒரு வயதும் நிரம்பாத பெண் குழந்தைக்கு நடக்கவிருந்த மணத்தைத் தடுக்க முனைந்தார். காவலர் வந்து சென்றனர். மணமோ பின்னர் நடந்தே விட்டது. ஊராரின் சினம் மட்டும் பன்வாரியின்மேல் நிலைத்தது. அவர் வனைந்த பானைகளை வாங்குவார் இல்லை. அவருக்குப் பால் விற்பாரும் இல்லை. அவ்வாண்டு செப்டம்பரில், வயலில் கணவரைத் தாக்கித் தம்மைக் கூட்டாக வன்புணர்ச்சி செய்தனரென ஐவர்மீது முறையிட்டார். மருத்துவப் பரிசோதனைக்கே இரண்டு நாட்களுக்கு மேலாயிற்று. 1995-இல் கீழ்நீதிமன்றம் அக்குற்றச்சாட்டிலிருந்து ஐவரையும் விடுவித்தது.

இதனிடையே மகளிர் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை அணுகின. பணியின் பொருட்டுத் தாக்கப்படும் பெண்ணைக் காக்கும் பொறுப்பு, வேலை கொடுத்தவர்க்கு இல்லையா என்பது வினா. 1997-இல் ‘விசாகா’ தீர்ப்பு நெறிமுறைகளை வகுத்தது. 2013-இல் அவை சட்டமாயின.

அலுவலகத்துப் பெண் மாலையில் வாயிலைக் கடந்து வீடு சேரலாம். பிறர் உரிமைக்காகத் தன் ஊரிலேயே வாதாடும் பெண்ணுக்கு அந்த வாயில் இல்லை. பகைத்தவரே அண்டை வீட்டார். தீர்ப்புகளுக்குப் பின்னும் பன்வாரி பட்டேரியைவிட்டு அகலவில்லை.